நின்ற பிறகும் சுழலும் சக்கரம்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் தெருவின் விடியற்காலைச் சத்தம் மாறிவிட்டது. 1991 தை மாதம், இரவு முழுவதும் பனி கொட்டி ஓய்ந்த நாட்களில், காலை ஐந்தரை மணிக்கே சவள் தரையில் உரசும் சத்தம் கேட்கத் தொடங்கும். தகரத்தைச் சீமெந்துத் தரையில் இழுப்பது போன்ற சத்தம். ஒரு வீட்டில் தொடங்கி அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று பரவும். வேலைக்குப் போக வேண்டிய ஆண்கள் குனிந்து நிமிர்ந்து, வாயிலிருந்து ஆவி பறக்க, காருக்கு வழி வெட்டிக்கொண்டிருப்பார்கள். இன்று அதே தெருவில் சவள் சத்தம் அரிது. ஒரு பெற்றோல் எஞ்சின் உறுமும். அது ஓய, எதிர்வீட்டில் பற்றரி இயந்திரம் ஒன்று தேனீக்கூட்டம் போல இரையும். வெள்ளைத் தூள் வளைந்து பறந்து புல்தரையில் விழும். அரை மணி நேரத்தில் தெரு வெளித்துவிடும்.

முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த மாற்றத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பனியை அள்ளி எறியும் இந்த ஸ்னோ ப்ளோவர் எங்கள் முதுகைக் காப்பாற்றியது. பலருடைய இதயத்தையும் காப்பாற்றியிருக்கும். விரல்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

முதலில் பனியின் எடை. ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் கிடக்கும் ஈரம். வெயில் ஏறக் காணாமல் போய்விடும். அந்தச் சொல்லோடு வந்திறங்கிய எங்களுக்கு இங்கே கொட்டுவதற்கு வேறு சொல் தேவைப்பட்டது. அதனால்தான் பேச்சில் இன்றைக்கும் ஸ்னோ என்கிறோம். நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டின் பேஸ்மன்றில் வாடகைக்கு இருந்தோம். ஸ்னோவை நீங்கள்தான் அள்ள வேண்டும் என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. பஞ்சு மாதிரித்தானே இருக்கிறது என்று தலையாட்டினோம். ஆறு மீற்றர் அகலமும் பத்து மீற்றர் நீளமும் உள்ள ஒரு ட்ரைவ்வேயில் 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் அது 12 கனமீற்றர். புதிதாக விழுந்த உலர்ந்த பனி, கனமீற்றருக்கு 100 கிலோ என்று வைத்தாலும், மொத்தம் 1,200 கிலோ. புட்டுக்கு எடுத்த வறுத்த மாவைப்போல உதிருகிற பனிக்கு இந்தக் கணக்கு. பங்குனியில் விழுவது தண்ணீர் கூடிய மாவைப்போலக் கட்டிபடும். அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கனக்கும். எல்லாவற்றையும் அள்ளி முடித்து முதுகை நிமிர்த்தும்போது, தெருவைத் துப்புரவாக்கும் நகரசபை வண்டி வந்து, ட்ரைவ்வே வாசலை மறித்து வயல் வரம்பு போல ஒரு மேட்டைக் கட்டிவிட்டுப் போகும். பனியும் சேறும் உப்பும் கட்டியுமாக இறுகிய வரம்பு அது. பலருக்கு முதுகு பிடித்துக்கொண்டது அந்த வரம்பில்தான்.

முதுகு மட்டுமென்றால் பரவாயில்லை. 2017 இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையான மாரடைப்புகளையும் பனிப்பொழிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தார்கள். 20 சென்ரிமீற்றர் பனி கொட்டிய நாளுக்கு மறுநாள், ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் அபாயம் பனியே விழாத நாளைவிட 34 சதவீதம் கூடியிருந்தது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் நேரத்தில், மூச்சை அடக்கிப் பாரம் தூக்குவதுதான் காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எங்கள் ஆட்களில் சீனி வருத்தமும் பிறஷரும் எத்தனை பேருக்கு உண்டு என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ஐம்பதைத் தாண்டிய ஒருவர் சவளை வைத்துவிட்டு இயந்திரத்தைப் பிடிப்பதை நான் சோம்பல் என்று சொல்லமாட்டேன். அது புத்தி.

நாங்கள் இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலியக் கிழவர் இருந்தார். ஐம்பதுகளில் கப்பலேறி வந்து, கட்டட வேலை செய்து ஓய்வு பெற்றவர். தெருவில் இயந்திரம் வைத்திருந்த இரண்டு மூன்று பேரில் அவர் ஒருவர். அவருடைய கராஜில் நின்றது அறுபதுகளில் செய்த பழைய இரும்பு. ஒரு கன்றுக்குட்டியின் பருமன். கயிற்றை இழுத்து இழுத்துத்தான் உயிர் கொடுக்க வேண்டும். ஒரு நெம்பை முன்னே தள்ளினால் வாயிலுள்ள அலகு சுழலத் தொடங்கும். பிறகு கையை எடுத்தாலும் அது நிற்காது. அவர் அப்பால் நடந்து போனாலும் அது தன்பாட்டில் சுழன்றுகொண்டிருக்கும். அந்த இயந்திரத்தின் கைபிடியில், சணல் கயிற்றால் கட்டி, ஒரு பழைய தும்புத்தடியின் கட்டை எப்போதும் தொங்கும். நுனியில் சிவப்பு ரேப் சுற்றியிருந்தார். வெள்ளையில் விழுந்தாலும் கண்ணில் படுவதற்காக. பனி அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்துவார், கொஞ்ச நேரம் நிற்பார், அந்தத் தடியால் குத்தி எடுப்பார். ஒருநாள் நான் உதவி செய்கிறேன் என்று கிட்டப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார். தன் பத்து விரலையும் விரித்துக் காட்டி, பிறகு அந்தத் தடியைக் காட்டினார். எங்கள் இருவருக்கும் அப்போது அரைகுறை ஆங்கிலம்தான். அந்தச் சைகைக்கு மொழி தேவைப்படவில்லை.

அந்த இயந்திரத்துக்கு ஒரு நீண்ட வம்சம் இருக்கிறது. அது கனடாவின் வம்சம் என்பது இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் தெரியாது. பனியைச் சுழற்றி எறியும் யோசனை முதலில் ரயில் பாதைக்காக வந்தது. ரொறன்ரோவில் பல் வைத்தியராக இருந்த ஜே. டபிள்யூ. எலியட், 1869 இல், ரயிலின் முன்னால் பூட்டும் சுழல் சக்கரம் ஒன்றை வரைந்து வைத்தார். அதைச் செய்து பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. 1880களில் ஒன்ராறியோவின் ஒரேஞ்ச்வில் ஊரைச் சேர்ந்த ஒரேஞ்ச் ஜுல் என்பவர் அந்த வடிவத்தைத் திருத்தி எடுத்தார். லெஸ்லி சகோதரர்கள் அதை இரும்பில் வார்த்துப் பாதையில் ஓடவிட்டார்கள். தெருவுக்கு அது வர இன்னும் நாற்பது வருடங்கள் பிடித்தன. மொன்றியலுக்கு அருகில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்த ஆர்தர் சிக்கார், வயலில் தானியக் கதிரை இழுத்து உள்ளே வாங்கும் இயந்திரத்தைப் பார்த்து, பனியையும் இப்படி வாங்கி எறியலாமே என்று நினைத்தவர். இளவயதில் பிடித்த அந்த எண்ணத்தை அவர் விடவில்லை. 1925 இல் அவருடைய வண்டி பனியை அள்ளி எறிந்தது; 1927 இல் பக்கத்து நகரமான ஊட்ரமோன்ற் அதை விலைக்கு வாங்கியது. பின்னால் நடந்து தள்ளும் சிறிய இயந்திரங்களை, 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து டோரோ கம்பனி சந்தைக்குக் கொண்டுவந்தது. 1960 இல் விஸ்கொன்சினிலிருந்து ஏரியன்ஸ் வந்தது.

சிக்காரின் வயல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்னோ ப்ளோவர் கதிர் விழுங்கும் இயந்திரத்தின் பிள்ளை. முன்னால் எது வந்தாலும் உள்ளே இழுப்பதுதான் அதன் பிறவிக் குணம். பனிக்கும் துணிக்கும், கல்லுக்கும் கைக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். முன்வாயில் திருகாணி போல வளைந்த இரும்பு அலகு ஒன்று குறுக்கே கிடக்கிறது. ஓகர் என்பார்கள். அது மெதுவாகச் சுழன்று பனியை நடுவுக்குக் கொண்டுவரும். நடுவில், பின்பக்கமாக, கண்ணுக்கு அவ்வளவாகப் படாத இடத்தில் ஒரு விசிறிச் சக்கரம் இருக்கிறது. ஓகரைவிடப் பலமடங்கு வேகத்தில் சுழன்று, வந்த பனியை மேலே நிற்கும் குழாயால் வீசி எறிவது அதுதான். இவ்விரண்டும் உள்ளவை இரண்டு கட்ட இயந்திரங்கள். சிறியவற்றில் விசிறி இல்லை. றப்பர் விளிம்பு வைத்த அலகே தரையைத் தொட்டு அள்ளி எறிந்துவிடும். தரையைத் தொடுவதால் அது சரளைக் கற்களையும் சேர்த்து எறியும். சரளை போட்ட ட்ரைவ்வே உள்ளவர்கள் இரண்டு கட்ட இயந்திரத்தை வாங்கி, அடியில் இருக்கும் சறுக்குக் கட்டைகளைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும். குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. பக்கத்து வீட்டு யன்னலும் காரும் அந்தக் கல்லுக்கு எட்டும் தூரம்தான். தெருவுக்குள் வீசுவதும் சரியில்லை. ஒன்ராறியோவில் வீதியில் பனியைக் கொண்டுபோய்க் கொட்டுவது சட்டப்படி குற்றம்.

கிழவரின் இயந்திரத்துக்கும் இன்று கடையில் நிற்பதற்கும் உள்ள பெரிய வேறுபாடு கைபிடியில் இருக்கிறது. இப்போது இரண்டு பக்கமும் இரண்டு நெம்புகள். ஒன்று சில்லுக்கு, மற்றது அலகுக்கு. இரண்டையும் அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் எல்லாம் ஓடும். பிடியை விட்டால் நின்றுவிடும். விட்ட ஐந்து விநாடிக்குள் அலகு நிற்க வேண்டும் என்று கையேடுகளே சொல்கின்றன. நிற்காவிட்டால் அதைத் திருத்தாமல் ஓட்டக் கூடாது. வழுக்கி விழுந்தாலும், நெஞ்சு வலித்துச் சாய்ந்தாலும், இயந்திரம் ஆளை விட்டுவிட்டுத் தன்பாட்டில் போகாது. அலகு எதிலாவது இறுகினால் தானே உடைந்து பற்சக்கரத்தைக் காக்கும் சிறிய ஆணிகள் உண்டு. கடைகளில் ஷியர் பின் என்று கேட்டு வாங்கலாம். அந்த ஆணி உடைகிறதே என்று அலுத்து, அதன் இடத்தில் கனத்த இரும்பு போல்ற் ஒன்றைப் போட்டவர்களை எனக்குத் தெரியும். உடைவதற்காகச் செய்ததை உடையாததாக மாற்றினால், அடுத்த முறை உடைவது கியர்ப்பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றைய இயந்திரங்களின் முகப்பில், கடும் நிறத்தில் ஒரு பிளாஸ்ரிக் தடி கொழுவியிருக்கும். அடைப்பை எடுப்பதற்கான தடி. கிழவர் சணலால் கட்டி வைத்திருந்ததைக் கம்பனிகள் தாங்களே செய்து பூட்டித் தருகின்றன.

இத்தனையும் மாறிய பிறகும் விரல்கள் போகின்றன.

நான் வேலை செய்த தொழிற்சாலையில் எங்கள் ஆள் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அண்ணை. பொறுமையான மனிதர், மெஷின் வேலையில் பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரு கீறல் படாதவர். ஒரு பங்குனி மாதம், இரவு வேலைக்குப் போக வெளிக்கிட்ட நேரத்தில், ஈரப் பனி அவருடைய ஸ்னோ ப்ளோவரின் குழாயை அடைத்துவிட்டது. மூன்று கிழமை கழித்து, கையில் பெரிய கட்டுடன், வீட்டில் இருந்து எனக்குச் சொன்னார்: "தம்பி, நான் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத்தான் கையை வைச்சனான். சத்தியமாச் சொல்லுறன், அது ஓடேல்லை. நிண்டதுதான் கடிச்சது." வலது கையின் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றுவிட்டன.

அவருடைய மனைவி அதை நம்பவில்லை. நிறுத்தாமல்தான் கையை விட்டிருப்பார், வெட்கத்தில் மறைக்கிறார் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு இயந்திரங்களைத் திருத்துகிற ஒருவரிடம் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. கட்டிபட்ட பனி விசிறியைப் பிடித்து நிறுத்தும் நேரத்தில் எஞ்சின் அதைச் சுழற்றவே பார்க்கும். பெல்ட் இழுபட்டு இறுகும். அந்த இறுக்கம் எஞ்சின் நின்ற பிறகும் உள்ளே தங்கி நிற்கலாம். முறுக்கிப் பிடித்த கயிறு போல. பனிக்கட்டியைக் கை தட்டிவிடும் அந்த நொடியில் கயிறு அவிழும். விசிறி அரைச் சுற்றோ கால் சுற்றோ சுழலும். இரும்புக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் இருக்கும் விரலுக்குக் கால் சுற்றே போதும். அண்ணை சொன்னது உண்மை. நின்றதுதான் கடித்தது.

கைக்காயங்களைப் பார்க்கும் அறுவை மருத்துவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் எச்சரிக்கிறார்கள். அவர்கள் காட்டும் படம் ஏறத்தாழ ஒன்றே: கனத்த ஈரப் பனி, அடைபட்ட குழாய், அவசரம், பழக்கப்பட்ட கை, ஒன்றுக்கு மேற்பட்ட விரல். காயப்படுபவர்கள் இயந்திரம் தெரியாத புதியவர்கள் மட்டுமல்ல. பல வருடம் ஓட்டிப் பயம் தெளிந்தவர்களும்தான்.

ஆகவே நான் ஓட்டும் முறையைச் சொல்கிறேன். பெரும்பகுதி கிழவரிடம் பார்த்தது. அடைத்தால் என்ன செய்வது என்பதைவிட அடைக்காமல் ஓட்டுவது எப்படி என்பதில் அவருக்குக் கவனம் அதிகம். பனி நின்ற பிறகு போகலாம் என்று காத்திருக்காமல், பத்து சென்ரிமீற்றர் விழுந்ததும் ஒருமுறை, மீதி விழுந்ததும் ஒருமுறை எடுப்பார். பங்குனிப் பனியென்றால் வெயில் ஏறி இளகுவதற்கு முன்பே முடித்துவிடுவார். எஞ்சினை முழு வேகத்தில் விட்டு, நடையை மெதுவாக்குவார். வாயின் முழு அகலத்துக்கும் ஊட்டாமல் பாதிப் பாதியாக ஊட்டுவார். விசிறி வேகமாகச் சுழன்று, வரும் பனி குறைவாக இருந்தால் குழாயில் தங்க ஒன்றும் இருக்காது. தொடங்குமுன் குழாயின் உட்பக்கத்தில் சமையல் எண்ணெய் ஸ்பிறே அடிப்பார். தாச்சியில் ஒட்டாமல் இருக்க எண்ணெய் பூசுகிற அதே யுக்தி. இப்போது அதற்கென்று சிலிக்கன் ஸ்பிறேயும் கடையில் கிடைக்கிறது. கராஜின் சூட்டில் நின்ற இயந்திரத்தை உடனே பனிக்குள் விடாமல், வெளியே கொஞ்ச நேரம் குளிரவிடுவார். சூடான இரும்பில் பனி உருகி, பிறகு உறைந்து பிடிக்கும் என்பது அவருடைய அனுபவம்.

மார்கழி தொடங்குமுன் ட்ரைவ்வேயை ஒருமுறை நடந்து பார்ப்பதும் அவரிடம் கற்றதுதான். அந்த நாளில் பனிக்குள் புதைந்திருக்கும் காலைப் பத்திரிகைதான் பெரிய எதிரி. நனைந்த பத்திரிகைக் கட்டு அலகுக்குள் போனால் சிமெந்து மாதிரி இறுகிவிடும். இன்று வாசலில் பத்திரிகை எறிகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக நத்தார் விளக்கு வயர், கால்மிதி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று வேறு பொருட்கள் வந்திருக்கின்றன. நீண்ட சால்வையும் தொங்கும் ஜக்கற் நாடாவும் இன்னும் அதே ஆபத்துத்தான். சால்வையை உள்ளே செருகாமல் யாரும் இயந்திரத்தைத் தொட என் வீட்டில் இடமில்லை.

ரொறன்ரோவில் இந்த இயந்திரங்கள் வீடு வீடாகப் புகுந்ததற்கு எங்கள் தெருவில் நான் கண்ட காரணம் 1999 தை மாதம். ஒரே மாதத்தில் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டியது. நகரபிதா மெல் லாஸ்ற்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். நாடு முழுவதும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். மூடிய தெருவுக்குள் இருந்த எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வசந்தத்திலிருந்து, வீடு வாங்கத் தொடங்கியிருந்த எங்கள் ஆட்கள் ஸ்னோ ப்ளோவரும் வாங்கினார்கள். புதியது வாங்கக் கட்டாது. பழையது, கைமாறிக் கைமாறி வந்தது. கையேடு இருக்காது. தடி இருந்த இடத்தில் கொழுவி மட்டும் இருக்கும். எனக்கு இன்றும் கோபம் வருகிற ஒன்றை அந்தக் காலத்தில்தான் முதலில் கண்டேன்: கை வலிக்கிறது என்று அலகின் நெம்பைக் கைபிடியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அதைக் கட்டிய கை, இயந்திரத்தில் வந்த நல்ல மாற்றத்தை ஒரு முழக் கயிற்றால் அழித்துவிட்டது. பழைய இயந்திரம் வாங்குகிறவர்கள் விலையைப் பேசுமுன் நெம்பைப் பிடித்து விட்டுப் பாருங்கள். அலகு நிற்காவிட்டால் எந்த விலைக்கும் வேண்டாம்.

பெற்றோல் இயந்திரத்தோடு வந்த இன்னொரு ஆபத்து மணமில்லாதது. வெளியே குளிர் என்று கராஜுக்குள்ளேயே எஞ்சினைத் தொடக்கிச் சூடாக்குவார்கள். கதவு திறந்திருக்கிறதே என்பார்கள். கார்பன் மொனொக்சைட் கராஜிலிருந்து வீட்டுக்குள் போகக் கதவிடுக்குப் போதும். எங்கள் வீடுகளில் கராஜுக்கு மேலே படுக்கையறை இருக்கும். அதில் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். தள்ளி வெளியே கொண்டுவந்த பிறகுதான் தொடக்க வேண்டும். சூடாக ஓடிய எஞ்சினுக்கு உடனே பெற்றோல் ஊற்றுவதும் அதே வகை அவசரம். பத்து நிமிடம் ஆறவிட்டால் தேத்தண்ணி ஒன்று குடிக்கலாம்.

இப்போது என் வீட்டில் நிற்பது பற்றரி இயந்திரம். மகள் தெரிந்து வாங்கித் தந்தது, அவளே ஓட்டுகிறாள். சவள் காலத்தில் பனி அள்ளுவது ஆம்பிளை வேலை என்று எழுதாத சட்டம் இருந்தது. அது போனது நல்லது. புகை இல்லை, கயிறு இழுப்பில்லை, கராஜில் நஞ்சு இல்லை. ஆனால் சத்தமும் குறைவு. சத்தம் குறைந்தால் பயமும் குறைகிறது. உறுமுகிற எஞ்சினைக் கண்டால் பிள்ளைகள் தாமாகவே ஒதுங்கினார்கள். இதைக் கண்டால் கிட்ட வருகிறார்கள். கையை விட்டால் உடனே நின்றுவிடுகிறது, சத்தமே இல்லை, ஆகவே அது செத்துவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. பற்றரி உள்ளே இருக்கும் வரை அது உயிரோடுதான் இருக்கிறது. சாவியைக் கழற்றி, பற்றரியையும் வெளியே எடுத்த பிறகுதான் அடைப்பைப் பார்க்க வேண்டும். அதுவும் தடியால். வயர் பூட்டி ஓட்டும் மின் இயந்திரமென்றால் செருகியைக் கழற்ற வேண்டும். ஓட்டும்போது வயர் எப்போதும் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்.

மொன்றியலில் இந்த ஆபத்தைப் பெரிய அளவில் யோசித்திருக்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் சுமார் இரண்டு மீற்றர் பனி விழுகிறது. சிக்காரின் பேரப்பிள்ளைகளான இராட்சத இயந்திரங்கள் தெருவோரப் பனியை லொறிகளில் எறிந்து நிரப்பிக்கொண்டு போகும். குடியிருப்புத் தெருக்களில் அவற்றுக்கு முன்னால் ஒரு மனிதர் நடந்து போவார். பனி மேட்டுக்குள் பிள்ளைகள் குகை தோண்டி விளையாடலாம் என்பதற்காகவே அந்த ஆள். எத்தனை கமராவும் விளக்கும் வந்த பிறகும் கால்நடையாக ஒரு மனிதரை முன்னே அனுப்புவதை நான் மிக மதிக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்: தெருவோர மேட்டில் குகை தோண்டக் கூடாது.

அண்ணை பிறகு வேலைக்குத் திரும்பினார். பாதி விரலால் பேனை பிடிக்கப் பழகினார். பிள்ளைகளின் கலியாணத்தில் அட்சதை எறிந்தபோது அந்தக் கையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவர் அதை மறைக்கவில்லை. பார்க்கிறவர்களிடம், அது நின்ற பிறகு கடிக்கும் என்று தானே சொல்லுவார். எங்கள் வட்டத்தில் எந்தக் கையேட்டையும்விட அது கூடுதலாகக் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கிறேன். கையேடுகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கின்றன. எங்கள் அப்பாமார் அவற்றை வாசிப்பதில்லை. நாங்களும் வாசித்துச் சொல்வதில்லை.

இத்தாலியக் கிழவர் காலமாகிப் பல வருடம். பிள்ளைகள் வீட்டை விற்றபோது பழைய இயந்திரம் இரும்புக்குப் போனது. அதற்குமுன் நான் போய்க் கேட்டு, கைபிடியில் கட்டியிருந்த தடியை வாங்கிக்கொண்டேன். சிவப்பு ரேப் வெளுத்துவிட்டது. என்னுடைய இயந்திரத்தில் கம்பனி கொடுத்த பிளாஸ்ரிக் தடி இருக்கிறது. ஆனாலும் இதையும் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். புதிதாக யாராவது ஓட்டப் பழகினால் முதலில் இதைத்தான் கையில் கொடுக்கிறேன்.

நீங்கள் பனி கொட்டும் ஊரில் இருந்தால், உங்கள் வீட்டில் ஸ்னோ ப்ளோவர் நின்றால், இன்றைக்கே கராஜுக்குப் போய்ப் பாருங்கள். முகப்பில் அந்தத் தடி இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு தும்புத்தடியை முழ அளவில் வெட்டி, நுனியில் சிவப்பு ரேப் சுற்றி, கயிற்றில் கட்டிவிடுங்கள். வீட்டில் அந்த இயந்திரத்தைத் தொடுகிற எல்லோருக்கும், ஆங்கிலம் வாசிக்காத அப்பாவுக்கும் சேர்த்து, அது எதற்கென்று தமிழில் சொல்லுங்கள்.